இசக்கிப்ரியாவின் வண்டி

போன் அடிக்கட்டும் அக்கா, விடுங்கள். யாரென்று எனக்குத் தெரியும். எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. வரிசையாகச் சொன்னால் நீங்களே சரிதான் என்பீர்கள். இந்த முருங்கைக்காய்க் கட்டைக் கொஞ்சம் மேலே வைக்கட்டுமா? என் பை இடித்து நசுங்கிவிடும்.

நீங்கள் எதுவரைக்கும்? மூலைக்கரைப்பட்டியா. போதும், அதற்குள் சொல்லிவிடலாம்.

நான் பஸ்ஸில் ஏறியபோது என் மூஞ்சியைப் பார்த்துத்தானே ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தீர்கள். அழுகை இல்லை அக்கா அது, வெட்கம். அழுகை என்றால் அழுது முடித்துவிடலாம். வெட்கத்தை என்ன செய்வது? முகத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸில்தான் வர வேண்டும். பாருங்கள், இதற்கும் ஒரு விளக்கம் சொல்கிறேன். விடுதியில் என்னைப் 'பொழிப்புரை' என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சுடர்க்கொடி. எம்.ஏ. சமூகவியல், இரண்டாம் வருஷம். பேச்சுப்போட்டிக் கேடயங்களை வைக்க வீட்டில் இடம் இல்லாமல் அம்மா அரிசி டிரம்முக்கு மேல் அடுக்கியிருக்கிறாள். நியாயத்துக்காகத்தான் பேசுவேன். அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

எங்கள் வகுப்பில் ஒரு ரோபோ படிக்கிறது. சிரிக்காதீர்கள். சினிமாவில் வருகிற மாதிரி கை கால் எல்லாம் கிடையாது. கீழே சக்கரம், அதிலிருந்து நெஞ்சுயரத்துக்கு ஒரு கம்பு, கம்பின் உச்சியில் ஒரு டேப்லெட். ஒட்டடைக் குச்சிக்கு முகம் வைத்தது போல இருக்கும். அந்த முகம் இசக்கிப்ரியாவுடையது. இப்போது அடித்ததே, அவள்தான். அவள் திசையன்விளைக்குப் பக்கத்தில் தன் வீட்டுக் கட்டிலில் படுத்திருப்பாள். அங்கிருந்து கைபேசியில் விரலை நகர்த்தினால் இங்கே எங்கள் துறையில் கம்பு நகரும். அவள் பார்ப்பது கேட்பது பேசுவது எல்லாம் அதன் வழியாகத்தான்.

முதல் வருஷம் எங்களோடு நடந்து வந்து படித்தவள்தான். ஒரு மழை நாளில் பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டி சறுக்கிவிட்டது. முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம்கூட உட்கார முடியாது. படிப்பை விட்டுவிடுவாள் என்று எல்லோரும் நினைத்தபோதுதான், எங்கள் துறையின் பழைய மாணவர் ஒருவர் தன் கம்பெனியிலிருந்து இந்த ரோபோவைச் சோதனைக்கு என்று வாங்கிக் கொடுத்தார். ஒரு பருவம் ஓட்டிப் பாருங்கள், ஒழுங்காகப் போனால் அவள் படிப்பு முடிகிறவரை வைத்துக்கொள்ளுங்கள், ஏதாவது தகராறு என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவோம். அதுதான் பேச்சு. ரோபோ இருந்தால் வருகைப்பதிவு உண்டு, வருகைப்பதிவு இருந்தால் பரீட்சை உண்டு. ரோபோ போனால் அவளுக்கு எதுவுமே இல்லை.

கம்புக்கு ஒரு துணை ஆள் வேண்டும் என்றார்கள். நான்தான் கையைத் தூக்கினேன். வேறு யாரும் தூக்கவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் கட்டடம் பழசு. ஒவ்வொரு வாசலிலும் நிலைப்படி உயர்ந்து நிற்கும், சக்கரம் ஏறாது. வாசலுக்கு வாசல் நான்தான் தூக்கி அந்தப் பக்கம் வைப்பேன். கதவைத் திறப்பது நான், லிஃப்ட் பட்டனை அமுக்குவது நான், சாயங்காலம் சார்ஜில் போடுவது நான். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அவள் நல்ல கிண்டல்காரி அக்கா. முதல் நாள் பேராசிரியர் ஒருவர் பழக்கதோஷத்தில், "ஏம்மா நிக்கே, உக்காரு" என்றார். "மூட்டே வைக்கல சார், எங்கிட்டு உக்கார" என்றாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. கேன்டீனுக்குப் போனால், "எனக்கு ஒரு உளுந்த வடை. நீங்களே தின்னுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்பாள். எனக்கு அந்தச் சிரிப்பெல்லாம் பிடிக்காது. அவள் தன்னைத் தாழ்த்திக்கொள்கிறாள் என்று எனக்குப் பட்டது. "நீ எதுக்கு உன்னையே கேலி பண்ணிக்கிடுதே" என்று கேட்டேன். "சுடர், ஒரு நிமிஷம், அது கேலி இல்ல" என்று ஆரம்பித்தாள். எங்களுக்கு அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது. கம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

ம். நீங்கள் நன்றாக 'ம்' கொட்டுகிறீர்கள். இப்படி ஓர் ஆள் கிடைத்தால் யாரும் பேசுவார்கள்.

அடிக்கிறதா? அடிக்கட்டும்.

ஆயுத பூஜைக்கு லீவு விடுவதற்கு முந்தின நாள்தான் துறையில் பூஜை வைப்பார்கள். அதற்கு முதல் நாள் ஒரு கருத்தரங்கு இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். பூஜையன்று காலையில் நான் துறைக்குள் நுழைகிறேன், வராந்தாவில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். ஜெராக்ஸ் மெஷின், பிரிண்டர், புரொஜெக்டர், தண்ணீர் சுத்திகரிக்கிற பெட்டி, புல் வெட்டுகிற மெஷின். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம், பூ, ஒரு துண்டு வாழை இலை. ஜெராக்ஸ் மெஷினுக்கும் தண்ணீர்ப் பெட்டிக்கும் நடுவில் இசக்கி.

இசக்கி என்றுதான் எனக்குத் தோன்றியது. கம்பு என்று தோன்றவில்லை. டேப்லெட்டின் மேல் ஓரத்தில் சந்தனத்தைத் தீற்றி நடுவில் குங்குமம். கழுத்து என்று சொல்லலாம் இல்லையா, அந்த இடத்தில் கதம்பம். சக்கரங்களுக்கு முன்னால் சின்னச் சின்னதாக எலுமிச்சம்பழம். திரை கருப்பாக இருந்தது. சரி, அவள் இன்னும் உள்ளே வரவில்லை, வருவதற்குள் இந்தக் கண்ணராவியை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

நினைத்ததோடு நிற்கவில்லை. கோமதிநாயகம் அண்ணன் என்று ஒருத்தர், அலுவலக உதவியாளர், சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். வாயில் எப்போதும் ஏதாவது ஊர்க்கதை வைத்திருப்பார், வேலை என்றால் மெதுவாகத்தான். அவரைப் பார்த்துக் கேட்டேன்: "அண்ணே, இது யாரு?"

"நம்ம பிரியா பாப்பா வண்டி."

"வண்டியா? அவ உங்களுக்கு வண்டியா? ஜெராக்ஸ் மெஷினும் அவளும் ஒண்ணா? நாளைக்கு என் நெத்தியிலயும் சந்தனம் தடவி இங்க நிறுத்துவீகளா?"

"பாப்பா, அது வந்து..."

"நீங்க பேசாதீங்க. ஒரு பொண்ணோட உடம்புல அவளைக் கேக்காம கை வைக்கதுக்கு உங்களுக்கு யாரு உரிமை குடுத்தா?"

கூட்டம் கூடிவிட்டது. கூட்டம் கூடினால் எனக்கு இன்னும் நன்றாக வரும் அக்கா, அது ஒரு வியாதி. நான் கடவுளுக்கோ பூஜைக்கோ எதிராக ஒரு வார்த்தை பேசவில்லை. மெஷினுக்குப் பொட்டு வையுங்கள், எனக்கென்ன. மனுஷியை மெஷின் வரிசையில் நிறுத்தாதீர்கள். இதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள். பேசிக்கொண்டே கதம்பத்தைப் பிய்த்தேன். துப்பட்டாவால் சந்தனத்தைத் துடைத்தேன். அது கண்ணாடி முழுக்க இழுகிவிட்டது. எச்சில் தொட்டுத் துடைத்தேன். எலுமிச்சம்பழத்தைக் காலால் தள்ளினேன். ஒன்று உருண்டு போய் துறைத்தலைவி மேடத்தின் செருப்புக்குப் பக்கத்தில் நின்றது. யாரோ ஒரு பையன் எல்லாவற்றையும் கைபேசியில் எடுத்தான். கைதட்டல்.

அரை மணி நேரத்துக்குள் புகார் எழுதிவிட்டேன். வகுப்பில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். துறைத்தலைவி வசந்தகுமாரி மேடம் அதை வாங்கிக்கொண்டு, "சுடர், உன் கூட வாதாட எனக்கு வயசு பத்தாது" என்றார். விசாரணை முடிகிறவரை ரோபோவை ஸ்டோர் ரூமில் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டார். பூட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. புகாரில் அப்படி ஒரு வரி இல்லை. வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம்.

விடுதிக்குப் போய்த்தான் பையிலிருந்து கைபேசியை எடுத்தேன். இசக்கியிடமிருந்து வரிசையாக வாட்ஸப்.

'சுடர் துடைக்காத.'

'நான்தான் வைக்கச் சொன்னேன்.'

'நான் உள்ளதான் இருக்கேன்.'

'சுடர் ஒரு நிமிஷம்.'

'சத்தத்தைக் கூட்டு சுடர்.'

இதே மாதிரி இன்னும் கீழே கீழே. கடைசியில் ஒன்றும் எழுதாமல் ஒரு புள்ளி மட்டும்.

என்ன, ஏன் சத்தத்தைக் கூட்டச் சொன்னாள் என்கிறீர்களா. சொல்கிறேன். கருத்தரங்கைப் பிறகு சொல்கிறேன் என்றேன் இல்லையா.

பூஜைக்கு முதல் நாள் நான் ஒரு கட்டுரை வாசித்தேன். கட்டுரை எதைப் பற்றி என்றால், அவளைப் பற்றித்தான். மாற்றுத்திறனாளி மாணவர்களும் ரோபோவும். ஊன்றுகோல் போல, கண்ணாடி போல, அந்த ரோபோ இசக்கியுடைய உடம்பின் ஒரு பாகம், அதைத் தொடுவது அவளைத் தொடுவது என்பது என் வாதம். வெளியூரிலிருந்தெல்லாம் பேராசிரியர்கள் வந்திருந்தார்கள். இசக்கியை மேடைக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தேன், மரியாதைக்கு. நான் வாசிக்க வாசிக்க அவள் நடுவில் பேசுகிறாள். "சுடர், ஒரு நிமிஷம். அது எனக்கு உடம்பு மாதிரி இல்ல. உடம்பு மாதிரின்னா வலிக்கணும்லா. அது எனக்கு வண்டி. என் ஸ்கூட்டி மாதிரி. ஓட்டுதேன், அவ்வளவுதான்." சபையில் சிரிப்பு. எனக்கு முகம் சிவந்துவிட்டது. வாதத்தின் அடிப்படையையே உருவுகிறாள், அதுவும் நான் முடிப்பதற்குள். அவள் எதைப் பற்றிப் பேசுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை என்று நினைத்தேன். மறுபடி "சுடர்" என்று ஆரம்பித்தாள். நான் சிரித்துக்கொண்டே பக்கத்தில் போய், டேப்லெட்டை நேராக வைப்பது போலப் பிடித்து, பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கினேன். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்தப் பக்கத்திலிருந்துதான் முடியும், அவளால் அங்கிருந்து முடியாது. கடைசி வரைக்கும் அமுக்கினேன்.

அப்புறம் வாசித்தேன். நன்றாக வந்தது. அவள் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சபையில் யாருக்கும் தெரியாது, நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள். முடிந்ததும் எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். திரும்பிப் பார்த்தபோது திரை அணைந்திருந்தது. சார்ஜில் போட்டேன். பொத்தான் ஞாபகமே வரவில்லை.

மறந்துவிட்டேன் அக்கா. வேண்டுமென்று விட்டு வைக்கவில்லை. குறைத்தது வேண்டுமென்றுதான். கூட்டாதது மறதி. இரண்டும் வேறு வேறு.

ம் சொல்லுங்கள்.

சரி, சொல்ல வேண்டாம்.

வாட்ஸப்பைப் பார்த்த அன்றைக்கே நான் புகாரைத் திரும்ப வாங்கியிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். முகத்தில் தெரிகிறது. ஆனால் அதற்குள் வீடியோ எங்கேயோ போய்விட்டது. லீவில் வீட்டுக்குப் போனால் எங்கள் தெருவில் மருந்துக்கடைக்காரர், "நீதானம்மா அது, நல்லாக் கேட்டே" என்கிறார். மாணவர் அமைப்புக்காரர்கள் போன் பண்ணுகிறார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: அந்தப் பெண் ஏன் அப்போது ஒன்றுமே சொல்லவில்லை? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதிர்ச்சியில வாயடைச்சுப் போயிட்டா." முதலில் ஒருத்தரிடம் சொன்னேன். அப்புறம் எல்லோரிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அப்படித்தான் ஞாபகம் வர ஆரம்பித்தது.

விசாரணை போன வாரம். மேடம், இரண்டு பேராசிரியர்கள், மாணவர் நல அதிகாரி. கோமதிநாயகம் அண்ணன் கையில் மெமோவோடு மூலையில் நின்றார். "நான் என்னத்தக் கண்டேன், அந்தப் பாப்பா வைங்கண்ணேன்னுச்சு, வச்சேன்" என்று புலம்பினார். மேடம் இசக்கிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"மேடம், நான்தான் வைக்கச் சொன்னேன். ரெண்டு நாள் முன்னாடியே அண்ணன்ட்ட சொல்லி வச்சேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். ஆமாம், எனக்குத் தெரியும் என்று ஒரே வரி. எழுந்துவிட்டேன். "அவ அப்படித்தான் சொல்லுவா மேடம். அப்படிச் சொல்ல வேண்டிய நிலைமையில இருக்கா. ரோபோ உங்க கையில. வருகைப்பதிவு உங்க கையில. கதவைத் திறந்துவிடுறதுகூட அந்த அண்ணன் கையில. இத்தனை பேரோட தயவுல இருக்கறவ குடுக்குற சம்மதம் எப்படி சம்மதமாகும்?"

அந்த வாதம் சரியான வாதம் அக்கா. இப்போதும் சொல்கிறேன், நூற்றில் ஓர் இடத்துக்காவது பொருந்தும். அவளுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். பேராசிரியர் ஒருத்தர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். மேஜை மேலிருந்து, "சுடர், ஒரு நிமிஷம்" என்று குரல் வந்தது. "நீ பயப்படாத இசக்கி, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து அதிகாரி போனை அணைத்துவிட்டார்.

கதவைத் திறப்பவர்களின் பட்டியலில் என் பெயரை நான் சொல்லவில்லை. அது இன்றைக்குத்தான் உறைத்தது, அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது.

இன்றைக்கு ஏன் போனேன் என்றால், நாளைக் காலையில் கடைசி விசாரணை. நாளைக்கே கம்பெனி ஆட்களும் வருகிறார்கள். பல்கலைக்கழகத்துக்குப் பிரச்சினை வேண்டாம். புகார் அப்படியே இருந்தால் ரோபோவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் புகாரை வாபஸ் வாங்கினால் ஸ்டோர் ரூம் திறக்கும். ஏற்கெனவே அவளுக்கு வருகை குறைந்துகொண்டே போகிறது. இன்னும் ஒரு வாரம் போனால் திறந்தும் பயனில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். பஸ்ஸில் போகும்போதே எப்படிச் சொல்வது என்று தயார் பண்ணிக்கொண்டு போனேன். நேர்மையாக, ஒன்றையும் மறைக்காமல்.

அவள் அம்மா தையல் வேலை பார்ப்பவர். கையில் ஊசியோடு வந்து கதவைத் திறந்தார். "வாங்கம்மா" என்றார். என்னை, தன் மகள் வயதுப் பிள்ளையை, வாங்க என்றார். அதுவே குத்தியது. கட்டில் ஜன்னலோரம். மேலே ஒரு கம்பியில் அவளுடைய கைபேசியை முகத்துக்கு நேராகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் வழியாகத்தான் எங்களைப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு நான் எச்சில் தொட்டுத் துடைத்ததை, அந்தக் கட்டிலில் மல்லாந்து படுத்து, முகத்துக்கு மிகப் பக்கத்தில் பார்த்திருக்கிறாள்.

சுவரில் ஒரு போட்டோ. முந்தின வருஷத்து ஆயுத பூஜை. ஸ்கூட்டிக்கு மாலை, முன்சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம், இவள் அதன் மேல் ஏறி உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, சிரித்துக்கொண்டு. உங்கள் வீட்டிலும் வண்டி இருந்தால் தெரிந்திருக்கும். பூஜை முடிந்து சூடம் காட்டியதும் வண்டியை ஓட்டிப் பழத்தை நசுக்க வேண்டும், அப்போதுதான் பூஜை முடிந்த மாதிரி. எனக்கு அதுவரை தெரியாது. எங்கள் வீட்டில் சைக்கிள்கூட இருந்ததில்லை.

அம்மாதான் சொன்னார், டம்ளரை வைத்துக்கொண்டே. "அன்னிக்குக் காலையில தலைக்கு ஊத்தணும்னு ஒரே பிடிவாதம். அவளைத் தூக்கி ஊத்த என்னால தனியா முடியாதும்மா. அடுத்த தெருவுலேர்ந்து எங்க மைனி வந்து பிடிச்சாக. புதுச் சுடிதார் போட்டு, பின்னிப் பூ வச்சு. அலங்காரம் முடியுற வரைக்கும் அந்த டேப்லெட்டுல தன் முகம் தெரியாம மறைச்சே வச்சிருந்தா. மணியடிச்சதும் காட்டுவா, காட்டிட்டு வண்டியை ஓட்டுவான்னு நானும் மைனியும் பக்கத்துலயே நின்னோம். அந்தச் சக்கரம் சின்னதாம், பெரிய பழத்துல ஏறாதுன்னு, பொடிப் பழமாப் பாத்து வாங்கச் சொல்லி அந்த ஆபீஸ் அண்ணன்ட்ட சொல்லியிருந்தா."

ஒரு குற்றமும் சொல்லவில்லை அந்த அம்மா. டம்ளரை வைத்துவிட்டுத் தையல் மெஷினுக்குப் போய்விட்டார்.

இசக்கி என்னைப் பார்த்தாள். நிஜத்தில் அவள் முகம் திரையில் தெரிவதைவிடச் சின்னது. "சுடர், நான் கொஞ்சம் பேசட்டுமா?" என்றாள்.

"பேசு. அதுக்கு முன்னாடி நான் ஒண்ணே ஒண்ணு சொல்லிருதேன்" என்றேன்.

அவ்வளவுதான் அக்கா. சொல்ல ஆரம்பித்தேன். கருத்தரங்கிலிருந்து ஆரம்பித்தேன். பொத்தானைச் சொன்னேன், மறைக்கவில்லை. ஏன் அமுக்கினேன் என்று சொன்னேன். சபையின் முன்னால் பெண்கள் எவ்வளவு கஷ்டப்பட்டு இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். சுவரில் இருந்த போட்டோவைப் பற்றியும் பேசினேன். வண்டி என்பதற்கும் உடம்பு என்பதற்கும் நடுவில் என் வாதத்தை எப்படித் திருத்தலாம் என்றுகூடச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன், நடுவில். அழுதேன்கூட. ஒரு தடவை "சுடர்" என்றாள். "இரு, முடிச்சிருதேன்" என்றேன். அப்புறம் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் அம்மா வந்து, "அவளைத் திருப்பிப் படுக்க வைக்கணும்மா, ரொம்ப நேரம் ஒரே பக்கமாக் கெடந்தாப் புண்ணு வந்துரும்" என்றார். நான் எழுந்து வெளியே வந்தேன். வாசலில் நின்றேன். கடைசி நேரடி பஸ் இதுதான், தவறினால் விடுதிக் கதவு மூடிவிடும். ஜன்னல் வழியாக, "வாரேன் இசக்கி" என்றேன். பஸ்ஸில் ஏறி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அவள் பேசவே இல்லை.

மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் பொத்தானை அமுக்கிவிட்டு வந்திருக்கிறேன். இப்போது தெரிகிறதா என் மூஞ்சி ஏன் அப்படி இருந்தது என்று.

மறுபடி அடிக்கிறது. தெரிகிறது அக்கா, எனக்கும் காது இருக்கிறது. எடுக்கத்தான் போகிறேன். அதற்கு முன்னால் நாளைக்கு என்ன எழுதிக் கொடுப்பது என்று ஒரு முடிவுக்கு வர வேண்டும் இல்லையா. இப்படி யோசித்திருக்கிறேன், கேளுங்கள். 'போதிய புரிதல் இல்லாத சூழலில் அளிக்கப்பட்ட இப்புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.' நன்றாக இருக்கிறதா? யாருடைய புரிதல் என்று இல்லை, பொதுவாக இருக்கும். பொத்தானைப் பற்றி எழுதத் தேவையில்லை. புகார் போய்விட்டால் ரோபோ வந்துவிடும். அவளுக்கு வேண்டியது அதுதானே. கோமதிநாயகம் அண்ணனுடைய மெமோ இருக்கிறது, அது வேறு விஷயம், அதைப் பிறகு தனியாக...

ஏன் ம் கொட்டுவதை நிறுத்திவிட்டீர்கள்?

நீங்கள் இறங்க இன்னும் நேரம் இருக்கிறதே, அதற்குள் எதற்கு முருங்கைக்காய்க் கட்டை எடுக்கிறீர்கள். சரி, எடுத்துக்கொள்ளுங்கள். இல்லை அக்கா, போனை நானே எடுக்கிறேன். எடுக்கிறேன் என்றுதானே சொன்னேன். நீங்கள் எதற்கு அதை... அது பச்சைப் பொத்தான், அதை இழுத்தால்...

ஹலோ.

இசக்கி, நானே கூப்பிடணும்னுதான்... நான் என்ன யோசிச்சேன்னா...

ம்.

ம்.

இல்ல, பேசு. நான் குறுக்க பேசல.

ம்.

ம்.

அப்படியே எழுதணுமா? நான்தான் சத்தத்தைக் குறைச்சேன்னா?

ம்.

அவங்க எல்லாரும் இருக்கும்போதா. அண்ணனும் இருக்கும்போதா.

ம்.

சரி.

வாசிச்சுக் காட்டுதேன். நாளைக்குக் காலையில, உள்ள போறதுக்கு முன்னாடி. நீ கேட்டுட்டுச் சொல்லு.

ம்.

எலுமிச்சம்பழமா? நாளைக்கேவா?

ம்.

பொடிசா. ம்.

ம்.